கட்டைவிரல் முடிச்சு

"செத்தவங்களை எழுப்புவீங்கன்னு ஊரே சொல்லுதே, அது பொய்யா தாயி?"

வெயிலுமுத்து கேட்கவில்லை, கத்தினார். பேச்சித்தாயின் சீடர் அவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து காலில் விழுகிறவர். இன்றைக்கு விழவில்லை. மகள் பூரணத்தின் பாடையைச் சுடுகாட்டு ஓரத்தில், குருவின் குடிசைக்கு முன்னால் இறக்கச் சொல்லிவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

பேச்சித்தாய்க்கு அவர் வயதில் பாதி இருந்தால் அதிகம். கம்மங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யில்லை. எப்படிச் செத்தா?"

"பின்சுவரு ஏறிக் குதிச்சா. கீழ கல்லு. மண்டையில அடி."

"அது குட்டிச்சுவருதான?"

"போன மாசம் ஒசத்திக் கட்டுனேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்தப் பயகூட ஓடிரக் கூடாதுன்னுதான்! இப்ப அதுவா பேச்சு? எழுப்புங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்."

"நான் எதுக்கு எழுப்பணும்? நீயே எழுப்பு. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டிருக்கீங்கள்ல, அதை அவுத்துவிடு. எந்திரிச்சிருவா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெயிலுமுத்து மகளின் காலடியில் உட்கார்ந்தார். காலையில் அவரே கட்டிய கட்டு. வெள்ளைத் துணி இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினார்.

முடிச்சு இளகியது.

பூரணத்தின் கட்டைவிரல் அசைந்தது.

பாடை தூக்கி வந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். வெயிலுமுத்து ஓடவில்லை. மகளின் முகத்தையே பார்த்தார். இமை துடித்தது.

"தாயி... எந்திரிச்சதும் என்கூட வீட்டுக்கு வந்திருவாள்ல?"

"அது எப்படி? சாகும்போது எங்க போய்க்கிட்டிருந்தாளோ, அங்கதான் போவா."

"அவன்கிட்டயா?"

"ஆமா."

"விட்ருவேனா!" துணியிலிருந்து கையை எடுக்காமலே, கழுத்து நரம்பு புடைக்கக் குருவின் பக்கம் திரும்பினார். "நான் பெத்த பிள்ளை! தோள்ல தூக்கி வளத்த பிள்ளை! அவன் தெருவுல போயி அவ குடியிருக்கவா? எந்திரிக்கட்டும், அந்தப் பக்கம் ஒரு எட்டு வைக்கட்டும், காலை ஒடிச்சு மூலையில போடலை, நான் ஒரு அப்பனுக்குப் பிறக்கலை!"

தொண்டை கட்டும்வரை கத்தினார். பேச்சித்தாய் கஞ்சியை முழுங்கிக்கொண்டிருந்தாள்.

வெயிலுமுத்து மகள் பக்கம் திரும்பினார்.

இமை துடிக்கவில்லை.

"ஏமாத்திட்டீங்க!" என்று அலறினார். "அசைஞ்சாளே! என் கண்ணால பாத்தேனே! பாதியில ஏன் நிறுத்துனீங்க?"

பேச்சித்தாய் சட்டியைக் கீழே வைத்தாள்.

"உன் கையைப் பாரு."

பார்த்தார்.

துணியின் முனைகள் இரண்டும் அவர் விரல்களில் சுற்றியிருந்தன. பாடையில் வரும்போது மகளின் கட்டைவிரல்களில் ஒரு முடிச்சுதான் இருந்தது.

இப்போது இரண்டு.