ஷூட்டிங் கார்டு நாச்சிமுத்துவின் புது முழங்கால்

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நாச்சிமுத்துவுக்கு அன்றைக்கு இருபதாவது நாள். டாக்டர் கணக்குப்படி அவர் இதற்குள் வீட்டைச் சுற்றி நடந்து, கேட்டைத் திறந்து, பால்காரரிடம் ரெண்டு வம்பு பேசிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அவரோ மொத்த உடம்பையும் வாக்கரில் தொங்கவிட்டு, புது மூட்டு வைத்த வலது காலைத் தரைக்கு ரெண்டு அங்குலம் மேலேயே பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி பிசியோதெரபி அறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லையே தவிர, விஷயம் இதுதான்: பயம். காலை ஊன்றினால் உள்ளே வைத்திருக்கிற உலோகம் 'டக்'கென்று கழன்றுவிடும் என்று அவர் மனசு சொன்னது. நினைத்தாலே அந்தச் சத்தம் காதில் கேட்டது.

பெரிய டாக்டர் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். ஊன்றி நடக்கலைன்னா மூட்டு இறுகிப்போயிரும்; மறுபடி மயக்க மருந்து குடுத்து, டேபிள்ல படுக்க வெச்சு, நான் மடக்கி விட வேண்டியிருக்கும்."

இன்றைக்கு சனிக்கிழமை. மணி பத்தேகால்.

நாச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் எட்டிப் பார்க்கும்போது பேச்சு மும்முரமாக இருந்தால், 'சரி, திங்கக்கிழமை பார்த்துக்கலாம்' என்று போய்விடுவார் என்று ஒரு நம்பிக்கை. இருபது நாளாக அவர் பிழைத்து வந்ததே பேச்சால்தான். பிசியோதெரபி செய்யும் கோகிலவாணி "ஊனுங்கய்யா" என்று வாயைத் திறப்பாள், இவர் ஒரு கதையை எடுத்துவிடுவார், நேரம் முடிந்துவிடும்.

இன்றைக்குக் கதைக்கு வாசல் தானாகத் திறந்தது. உக்கடத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஜாகிர், தோள்பட்டை இறுகிப்போய், கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து இழுத்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். தினமும் விடிந்ததும் டிவியில் அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிற ஆள்.

"சிகாகோவுக்கு ஆடுனாரே ஒருத்தரு, அவருதாங்க உலகத்துலயே பெஸ்ட் ஷூட்டிங் கார்டு. அவர மிஞ்சுனவன் இன்னும் பொறக்கல" என்றார் கோகிலவாணியிடம்.

"ஷூட்டிங் கார்டுன்னா? துப்பாக்கி வெச்சுட்டு பேங்க் வாசல்ல நிப்பாங்களே, அவங்களா?"

"ஐய, அது இல்லீங்க. பேஸ்கட்பால்ல தூரத்துல நின்னு குறி பாத்து கூடைக்குள்ள போடுறவரு."

"பொறந்து அறுபத்தேழு வருசம் ஆச்சுங்" என்றார் நாச்சிமுத்து.

ஜாகிர் கயிற்றை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "யாருங்ணா?"

"அவர மிஞ்சுனவன். உங்க முன்னாலதான் உக்காந்திருக்கறேன். பார்வதவர்த்தினி மில்லு டீமு. சும்மா ஆடுனதில்ல, ஆடறதுக்குன்னே சம்பளம். வேணும்னா இவனக் கேளுங்."

'இவன்' என்றது பக்கத்தில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறுக்குட்டியை. அதே மில் அணியில் பதினாலு வருசம் பந்தைக் கொண்டுபோய் நாச்சிமுத்துவிடம் தள்ளிவிடுவதே வேலையாக இருந்தவர். இப்போது நாச்சிமுத்துவையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"சம்பளம் வாங்குனது நெசம்" என்றார் ஆறுக்குட்டி. அதற்கு மேல் அவர் பொறுப்பேற்கவில்லை.

"எங்க மில்லு கோர்ட்டு நெட்டு பதினோரு வருசம் புத்தம்புதுசா இருந்துச்சுங். ஏன்? என்ற பந்து நெட்டைத் தொட்டதே இல்ல. நட்டநடுவுல நழுவி எறங்கிரும். கடைசில கரையான் அரிச்சுத்தான் மாத்துனோம்."

"பத்தடி உசரத்துல கரையானாங்ணா?"

"அதுக்கும் வேற எடமில்லீங். கீழ பூரா என்ற மெடலு."

"அந்தக் கோர்ட்டுல நெட்டே இல்லடா. வெறும் ரிங்கு" என்றார் ஆறுக்குட்டி.

"நீ பாஸ் குடுத்துட்டுக் குனிஞ்சு மூச்சு வாங்கறவன். மேல எங்க பாத்த?"

கோகிலவாணி சிரித்தபடியே வாக்கரை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். நாச்சிமுத்து அதைக் காணாதவர் மாதிரி ஈரோட்டுக்குப் போய்விட்டார்.

"ஈரோட்டுல பைனலு. மொதப் பாதி முடிய ஒரே செகண்டு. எதிர் டீமு அஞ்சு பேரும் என்னையச் சுத்தி நிக்கறாங்க. பத்தலைன்னு அவங்க கோச்சும் பேண்ட்டை மடிச்சுட்டு உள்ள வந்துட்டாரு. வழியே இல்ல. நேரா மேல வுட்டேன். பந்து போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது. அம்பயரு அண்ணாந்து பாத்தாரு. கழுத்து வலிச்சுப்போச்சு. 'சரி, டீ குடிச்சுட்டு வந்தர்லாம்'னு விசிலு ஊதிட்டாரு. டீ குடிச்சோம், ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு தின்னோம், கால் கழுவீட்டு வந்து நின்னோம். அப்பத்தான் பந்து எறங்கி வருது. இது மொதப் பாதிக் கணக்கா, ரெண்டாம் பாதிக் கணக்கான்னு ஸ்கோர் எழுதறவரு அழுதே போட்டாரு."

"கீழ வர்றப்ப ரிங்குக்குள்ளயேதான் விழுந்துச்சாங்கய்யா?" என்றாள் கோகிலவாணி.

"பின்ன? மேல போனதே அதுக்குத்தானே கண்ணு. ஆனா ஒண்ணு, பந்து சொட்டச்சொட்ட நனைஞ்சிருந்துச்சு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் மேகத்தைக் குத்தீட்டேன்னு."

"அல்லாவே" என்றார் ஜாகிர். கயிறு அவர் கையைவிட்டு நழுவியது.

"அடுத்த வருசம் கிணத்துக்கடவுப் பக்கம் பஞ்சம். நாலு டிராக்டர்ல ஆளுங்க வந்து என்னையக் கூட்டிட்டுப் போனாங்க. தோட்டத்துக்கு ஒரு ஷாட்டு. பெரிய தோட்டமா இருந்தா ரெண்டு. ஆழியார் அணை நெறஞ்சு வழிஞ்சு, 'போதுங்க, நிறுத்திக்கோங்க'ன்னு மேலிடத்துல இருந்து தந்தி."

"அந்த வருசம் குடிக்கத் தண்ணியில்லாம நம்ம டோர்னமெண்டையே ரத்து பண்ணுனாங்க" என்றார் ஆறுக்குட்டி.

"ரத்து பண்ணுனதே நான் தோட்டத்துல பிசியா இருந்ததாலதான்டா."

மணி பத்து நாற்பது. நாச்சிமுத்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பாலக்காட்டுக் கதைக்கு ஒரு பத்து நிமிஷம், அமெரிக்கக் கதைக்கு ஒரு பத்து நிமிஷம். தாராளமாக ஓடிவிடும்.

பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி இழுக்கும் என்று கையை வீசிக் காட்டினார். மில்லில் நின்று அவர் போட்ட பந்து ஒருமுறை அந்தக் காற்றில் சிக்கி, கணவாயைத் தாண்டி அக்கட்டால போய், பாலக்காட்டில் நடந்துகொண்டிருந்த வேறொரு மேட்சின் கூடையில் விழுந்துவிட்டதாம். ஒரு பாயிண்டில் தோற்கவிருந்த அணி ஜெயித்துவிட்டதாம். ஆளே போகாமல் அந்த ஊர் அணியிலும் அவர் பேரைச் சேர்த்து, ஓணத்துக்கு ஓணம் நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பினார்களாம்.

"சிப்ஸ் வந்துச்சா?" என்று ஜாகிர் ஆறுக்குட்டியைக் கேட்டார்.

"எனக்கு வரல."

"அமெரிக்காக்காரன் வூடு தேடி வந்தானுங். கோட்டு, சூட்டு. 'வாங்க, எங்க லீக்ல ஆடுங்க'ன்னான். ரிங்கு எத்தன அடின்னு கேட்டேன். பத்துன்னான். 'பத்தடி எனக்குப் பத்தாதுங், ஒரு முப்பதாக்குங்க'ன்னேன். 'அப்ப கூரையில ஓட்டை போடணுமே'ன்னு தலையச் சொறிஞ்சான். மழை பேஞ்சா ஒழுகும்னு அவன் பயம். அவன் பயமும் நாயந்தான், நான் ஆடுனா மழை பேயும். அதோட போயிட்டான். அப்புறந்தான் வேற வழியில்லாம உங்க சிகாகோக்காரர எடுத்தாங்க."

ஜாகிருக்கு இது தாங்கவில்லை. வலிக்கிற தோளோடு எழுந்து வந்தார். "அண்ணா, பேச்செல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ஷாட்டு. போட்டுக் காட்டுங்க, அவரு போட்டோவ என் கடையில இருந்து கழட்டிட்டு உங்க போட்டோவ மாட்டறேன்."

கோகிலவாணி அந்த வாய்ப்பை விடவில்லை. அழுக்குத் துண்டு போடும் பிளாஸ்டிக் கூடையைக் காலி செய்து, அலமாரி மேலே தூக்கி வைத்தாள். பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பந்தை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

உட்கார்ந்தபடியே போட்டார். பந்து அலமாரிக் கதவில் மோதித் திரும்பியது. இரண்டாவது, ஜன்னல் திரைக்குள் போனது. மூன்றாவது, மூலையில் மெழுகு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் செருப்பின் மேல்.

"ஓஹோ" என்றார் ஜாகிர்.

நாச்சிமுத்துவுக்குக் காது சூடானது. "உக்காந்துட்டுப் போட்டா அது குருவி அடிக்கறதுங். ஷூட்டிங் கார்டுன்னா நின்னு போடணும். நின்னு போட்டு நான் தவறுனதா சரித்திரமே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"அப்ப நில்லுங்கய்யா" என்றாள் கோகிலவாணி.

வேறு வழியில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்தார், ஒற்றைக்காலில். கோகிலவாணி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றுகொண்டாள். அப்போதுதான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது: பந்து பிடிக்க ரெண்டு கையும் வேண்டும். ரெண்டு கையையும் எடுத்தால் வாக்கர் இல்லை. வாக்கர் இல்லையென்றால் அந்தக் கால்தான்.

நெற்றியில் வியர்த்தது. "போன் வருதாட்ட இருக்குது" என்றார். யாருக்கும் போன் வரவில்லை.

ஆறுக்குட்டி டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், மூலையில் கிடந்த பந்தைப் பொறுக்கிக்கொண்டு எதிரே நின்றார். "நாச்சி!" என்று ஒரே அதட்டல். பதினாலு வருசம் மைதானத்தில் கேட்ட அதே குரல். பந்து வந்தது.

நாச்சிமுத்துவின் கை யோசிக்கவில்லை. வாக்கரை விட்டது, நெஞ்சுக்கு நேராகப் பந்தை வாங்கியது. வாங்கிய வேகத்தில் உடம்பு கூடையைப் பார்த்துத் திரும்பியது. வலது கால் பொத்தென்று தரையில் விழுந்தது. இடது. மறுபடி வலது. கண் கூடையிலேயே இருக்க, பந்து கையைவிட்டுக் கிளம்பிச் சுவரில் பட்டு, கூடை விளிம்பில் ரெண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

ஜாகிர் வலியை மறந்து ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். மெழுகு ஒத்தட அம்மா கைதட்டினார். கோகிலவாணி நாச்சிமுத்துவின் சிகிச்சைச் சீட்டை எடுத்து, 'வாக்கர் இல்லாமல் மூன்று எட்டு' என்று எழுதினாள்.

நாச்சிமுத்து கீழே குனிந்து பார்த்தார். கால் தரையில் இருந்தது. 'டக்' என்று எதுவும் கேட்கவில்லை. மீசையை நீவிக்கொண்டு, "போட்டோ எந்த சைஸ்ல வேணுமுங்?" என்றார்.

"பாயிண்ட் இல்ல" என்றார் ஆறுக்குட்டி.

"என்னடா?"

"பந்தத் தரையில தட்டாம கையில வெச்சுட்டு ரெண்டு எட்டுத்தான் வைக்கலாம். நீ மூணு வெச்ச. டிராவலிங். பாயிண்ட் கெடையாது."

"ஆமாங்ணா, ரூலு அதுதான்" என்றார் ஜாகிர், கையை இறக்கிக்கொண்டே.

"மூணா? யாரு மூணு வெச்சா? நான் நின்ன எடத்தவிட்டு அசையவே இல்ல!"

"அசையவே இல்லையா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பெரிய டாக்டர். சரியாகப் பதினோரு மணி. "அப்ப திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டர்ல இடம் சொல்லிரட்டுமா?"

அறையே நாச்சிமுத்துவைப் பார்த்தது. நடந்தேன் என்றால் பாயிண்ட் போச்சு. நடக்கவில்லை என்றால் மயக்க மருந்து. அவர் டாக்டரைப் பார்த்தார், ஜாகிரைப் பார்த்தார், கோகிலவாணி கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். கடைசியில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கணக்கைக் குறைத்துச் சொன்னார்.

"நடந்தனுங் டாக்டர். ஆனா ரெண்டே ரெண்டு எட்டுத்தானுங்."

கோகிலவாணி சீட்டில் எழுதியிருந்ததை அடித்தாள். "சரிங்கய்யா, ரெண்டுன்னே போட்டுக்கறேன். டாக்டர் பாக்கறதுக்கு இப்ப மொதல்ல இருந்து பத்து எட்டு நடங்க. பந்து வேண்டாம்."