சவேரியம்மாளின் முழங்கால்

ரிஸ்க் என்றால் என்ன என்று அருளப்பன் கேட்டார். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு கீறல் விழாமல் வண்டியை ஏற்றி இறக்கியவர். ஆனால் ஓய்வுப் பணம் வங்கிக்கு வந்ததும் மனிதருக்குக் கை நமநமத்தது. டீக்கடையில் ஆளுக்கொரு பங்கின் பெயரைச் சொன்னார்கள். எவன் பேச்சையும் கேட்காமல் முறையாகப் படித்துக்கொள்வோம் என்று ஜமீலா டீச்சரிடம் வந்தார். அந்த மட்டுக்கும் விவரமான ஆள்தான்.

ஜமீலா டீச்சர் அவரைவிட மிகவும் இளையவர். திண்டுக்கல்லில் மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குச் சந்தைப் பாடம் நடத்தினார். படிகள் செங்குத்து. இன்னதை வாங்குங்கள் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதனாலேயே கூட்டம் குறைவு.

அருளப்பனின் மனைவி சவேரியம்மாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. ஓய்வுப் பணம் வந்ததும் ஆபரேஷன் என்று வருஷக்கணக்காகப் பேசி வைத்திருந்தார்கள். இப்போது பணம் வந்துவிட்டது. முதலில் அது பெருகட்டும், லாபத்தில் முழங்காலைப் பார்ப்போம், போட்ட முதல் அப்படியே நிற்கும் என்று அருளப்பன் திட்டத்தை மாற்றினார். சவேரியம்மாள் சரி என்றாள். அவர் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

மறுநாளே மொத்தத்தையும் போட்டுவிடுவதென்று முடிவு செய்துதான் அன்று வந்திருந்தார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதையும் டீச்சரிடம் சொல்லியிருந்தார்.

“வெலை ஏறும், எறங்கும்னு சொன்னீங்க. அது புரியுது டீச்சர். ரிஸ்க்குன்னா அதுதானா?”

ஜமீலா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“வீட்டுக்குப் போயி, பணம் பூராவும் போயிருச்சுன்னு மதினிகிட்டச் சொல்லுங்கண்ணே.”

“பொய்யா?”

“ஆமா. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு, அப்பவே உண்மையச் சொல்லிருங்க.”

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சவேரியம்மாள் வாய் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். திட்டு வாங்கிப் பழகிய தைரியத்தில் கிளம்பினார்.

அவள் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்று சொல்லி முடித்தார்.

அவள் கை நின்றது. பிறகு இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

“முட்டி இப்ப அவ்வளவா வலிக்கல” என்றாள். “நீங்க மனசப் போட்டு ஒளப்பிக்காதீங்க. சாப்பிட்டீங்களா?”

அவருக்குச் சோறு போட எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, உதட்டைக் கடித்து, பாதியில் நின்று, மறுபடி எழுந்தாள். தினமும் அவள் இப்படித்தான் எழுந்திருக்கிறாள். அவர்தான் பார்த்ததில்லை. அருளப்பன் ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார்.

திட்டு அதற்குப் பிறகுதான் விழுந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஜமீலா பக்கத்தில் வந்தார்.

“மதினி என்ன சொன்னாங்க?”

“முட்டி வலிக்கலைன்னு சொன்னா.”

ஜமீலா அதே பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அப்ப நான் இந்தப் பணத்தப் போடவே கூடாதா டீச்சர்?”

“மொதல்ல ஆபரேஷன முடிங்கண்ணே. மதினி இந்தப் படியேறி வரட்டும். மிச்சப் பணத்துக்கு ரெண்டு பேருக்கும் சேத்தே பாடம் எடுக்குறேன்.”