முட்டை உடைத்த குற்றவாளிகள்

மூங்கிலூரணியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு வீடு, ஒரு ஏர், ஒரு மூளை. முதல் இரண்டும் புழக்கத்தில் இருந்தன.

மூத்தவன் சடையாண்டிக்கும் நடுவன் விருமனுக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறந்ததுதான் காரணம். கடைசித் தம்பி ஒச்சப்பன் கொஞ்சம் குறைவாகப் பேசுவான். அவனுக்காவது ஒருத்தி வருவாள், இந்த வீட்டில் வாயில் வைக்கிற மாதிரி ஒரு வேளைச் சோறு வேகும் என்று மூவரும் நம்பியிருந்தார்கள். நம்பியதோடு சரி, டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்தபாடில்லை.

பக்கத்து ஊரில் இருந்த இவர்கள் மாமன் கருத்தமாயனுக்குப் பவுன்தாய் என்று ஒரே மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அவருக்கு ஆசை. ஆனாலும் ஒரு கோழியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் தன் மகளை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று ஒரு யோசனை. அதனால் ஓர் அடைக்கோழியைக் கூடையோடும் முட்டையோடும் தூக்கிவந்து ஒச்சப்பன் முன்னால் வைத்தார்.

"மாப்ளே, இதுல ஒரு முட்டை உடையக் கூடாது. பூனை, காக்கா, கீரி, எது கிட்ட வந்து கைவரிசை காட்டுனாலும் புடிச்சு அடைச்சுப் போடு. இரையும் தண்ணியும் வச்சிரு. இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகும், கூடையில ஒரு இரும்பு போட்டு வை. மூணு வாரம் கழிச்சு வாரேன். எல்லாம் நல்லா இருந்தா அன்னைக்கே தட்டை மாத்திக்குவோம்."

குஞ்சு வரும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதையும் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டார். பாவம், அவருக்கு இவர்களை முழுதாகத் தெரியாது.

முதலில் இரும்பு விவகாரம். ஊரில் எல்லோரும் ஓர் ஆணியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். விருமன் ஒப்பவில்லை. சின்ன இடிக்கு ஆணி சரி, பெரிய இடிக்கு என்ன செய்வது என்று கேட்டான். நியாயமாகப் பட்டது. கூடையில் கடப்பாரையைச் சாய்த்தார்கள், மண்வெட்டியைச் செருகினார்கள், அதுவும் பத்தாது என்று வாசல் கதவின் கீலையும் தாழ்ப்பாளையும் கழற்றிப் போட்டார்கள். கதவு விழுந்தது. தெருநாய் நேராக உள்ளே வந்து பானையிலிருந்த பழைய சோற்றைத் தின்றது.

நாயைப் பிடித்து அடைக்கலாமா என்று ஒச்சப்பன் கேட்டான். அது கூடை கிட்டே போகவில்லையே, பானை கிட்டேதானே போனது, அதைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லையே என்றான் சடையாண்டி. நாய் நிதானமாகத் தின்று முடித்துவிட்டுப் போனது. அந்த மாதம் ஒரு தூறல்கூட இல்லை. இரும்பு நன்றாக வேலை செய்கிறது என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்து விருமன் வேறொரு ஆபத்தைக் கண்டுபிடித்தான். இத்தனை கனமான கோழி முட்டை மேலே உட்கார்ந்தால் முட்டை என்னத்துக்கு ஆகும்? உடனே வேட்டியைக் கிழித்துத் தொட்டில் கட்டி, கோழியை அதில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். கோழி தொட்டிலிலிருந்து குதித்து விருமன் மூக்கில் ஒரு கொத்து கொத்திவிட்டு, மறுபடியும் முட்டை மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டில் வேலை தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான்.

அந்த மூக்கு வீக்கத்தோடு விருமன் சொன்னதைக் கேட்க வேண்டும்.

"அண்ணே, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். இந்தக் கோழி காலையில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் உக்காந்தே கெடக்கு. ஒரு வேலை செய்யுதா?"

"பொட்டை தானேடா," என்றான் சடையாண்டி. "வீட்ல சும்மா உக்காந்துதான் இருக்கும். நாமதான் பாடுபடணும்."

இவ்வளவு பாடுபட்டுப் பேசிய களைப்பில் மூவரும் டீக்கடைக்குப் போனார்கள்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை, கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். எட்டிப் பார்த்த ஒச்சப்பனுக்கு உயிரே போய்விட்டது. பதினொரு முட்டையும் உடைந்து கிடந்தன. ஓடுகளுக்கு நடுவே ஈரமும் புழுதியுமாகப் பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கோழிக்குஞ்சை அவர்கள் பார்க்காதவர்கள் இல்லை. தெருவில் தாய்க்கோழியோடு மேய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முட்டைக்கும் குஞ்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

"உள்ளேயிருந்து வந்திருக்குமோ?" என்று ஒச்சப்பன் மெதுவாகக் கேட்டான். அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

"கிறுக்குப் பயலே," என்றான் சடையாண்டி. "பொறந்ததுல இருந்து முட்டை திங்கிறோம். அவிச்சுத் தின்னாச்சு, பொரிச்சுத் தின்னாச்சு. ஒண்ணுலயாவது இறகைப் பாத்தியா, காலைப் பாத்தியா? இவனுக வெளியே இருந்து வந்து உடைச்சவனுக. மூஞ்சியில இன்னும் ஈரம் காயலை பாரு."

"கோழியும் உடந்தைண்ணே," என்றான் விருமன். "றெக்கைக்குள்ள விட்டு ஒளிக்குது."

ஒச்சப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதான். கையில் வந்த கல்யாணம் ஓட்டோடு ஓடாக உடைந்து கிடந்ததைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும். பிறகு மாமா சொன்னபடி, குற்றவாளிகளையும் கோழியையும் ஒரு பஞ்சாரக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தார்கள்.

மறுநாள் கருத்தமாயன் வெற்றிலை, பாக்கு, பூ, பழத்தட்டோடு வந்தார். மூவரும் கைகட்டி நின்று நடந்ததைச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முட்டைகூடக் கெடாமல் பதினொன்றும் பொரித்திருந்தன. அவர் வீட்டிலேயே அப்படிப் பொரித்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். முட்டாள்தான், ஆனாலும் கைராசிக்காரன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பூரிப்போடு தட்டை நீட்டினார்.

ஒச்சப்பன் தட்டை வாங்கவில்லை. அண்ணன்களோடு மூலைக்குப் போய் ரொம்ப நேரம் பேசினான். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"மாமா, உங்க முட்டையை உடைச்சவனுகளைக் கையும் களவுமாப் புடிச்சுக் குடுக்கிறேன். நீங்க சிரிக்கிறீங்க. திருட்டுக்குச் சிரிக்கிற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். இவனுக உடைச்ச முட்டையை எல்லாம் திருப்பிக் குடுக்கட்டும். அதுக்கப்புறம் கல்யாணத்தைப் பேசுவோம்."

கருத்தமாயன் கோழியையும் குஞ்சுகளையும் கூடையில் அள்ளிக்கொண்டு நடையைக் கட்டினார். விஷயம் தெரிந்த பவுன்தாய் அந்தக் கோழிக்கு ஒரு படி கம்பை அள்ளிக் கொட்டினாளாம். தன்னைக் காப்பாற்றிய தெய்வம் என்று சொன்னாளாம்.

ஆறேழு மாதம் போனது. அந்தக் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து முட்டை இட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மூவரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். முட்டையை ஒச்சப்பன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. பயல் திருந்திவிட்டான் என்றான்.

பவுன்தாய் தை மாதமே கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கருத்தமாயன் எடுத்துச் சொன்னார்.

"அவசரப்பட்டுட்டீங்க மாமா," என்றான் ஒச்சப்பன். "பாக்கி பத்துப் பேரு இன்னும் திருப்பிக் குடுக்கலையே. அவனுகளும் குடுத்து முடிக்கட்டும், அப்புறம் பேசிக்குவோம்."

அந்தப் பத்தில் ஆறு சேவல். தினமும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.