நான்காம் வரியின் அழுகை

வழக்கை நான் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. அவசரப்படாமல் கேளுங்கள்.

ராயபுரத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். பாடுகிறவள் பியூலா, கிட்டார் தேவசகாயம், டிரம்ஸ் ஷாகுல். முதல் ஆல்பம் போன இடம் தெரியவில்லை. சொந்த வீட்டு மனிதர்கள்கூட அதை முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஆல்பத்துக்கான பதிவு நடந்துகொண்டிருந்தபோது பியூலாவின் அண்ணன் எட்வின் பைக் விபத்தில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம், அவனைப் பற்றி ஒரு பாட்டு எழுதி ஸ்டுடியோவில் பாடினாள். நான்காம் வரியில் குரல் உடைந்து, பாதி வரி அழுகையாகவே பதிவாகிவிட்டது. "அழிச்சுடுங்க, திரும்பப் பாடுறேன்" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று தேவசகாயம் கெஞ்சினான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்: "மேடையில அழுகை வந்தா வரட்டும். வரலைன்னா நேராத்தான் பாடுவேன். நடிக்க மாட்டேன்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அந்த ஒரு பாட்டு ஆல்பத்தையே தூக்கி நிறுத்தியது. ஊர் ஊராக அழைப்பு. நான்காம் வரி நெருங்கும்போதே ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார்கள். என்ன ஆசையோ! பதினோரு ஊர்களில் அழுகை தானாக வந்தது. மதுரையில் வரவில்லை. சொன்னபடி நேராகப் பாடினாள். கைதட்டல் சப்பென்று இருந்தது. ஆட்டோகிராஃப் வாங்க வந்த பெண் ஒருத்தி, "அக்கா, இன்னைக்கு மனசு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி பியூலாவை அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்தது கோயம்புத்தூர். எட்வினின் மனைவி கிரேஸி அங்கே தாய்வீட்டில் இருந்தார். நிகழ்ச்சிக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மேடையிலிருந்து பியூலா அவரைப் பார்த்துவிட்டாள். நேராகப் பாடினால், அண்ணனை மறந்துவிட்டாள் என்று அண்ணி நினைப்பாரே! நான்காம் வரி வந்தது. அழுகை வரவில்லை. வரவழைத்தாள். அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணி மேடைக்குப் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அழுகை நின்னு ரெண்டு மாசமாச்சு பியூலா. நேத்து டிவி பார்த்துச் சிரிச்சேன். தங்கச்சி நீ இன்னும் இப்படி உருகுற. கட்டினவ நான் கல்லாட்டம் இருக்கேனே!"

அண்ணி முகம் கழுவப் போனார். நடந்தது என்னவென்று மற்ற இருவருக்கும் தெரியும்.

"சொல்லிடாத" என்றான் ஷாகுல். "அண்ணன் சாவை வெச்சு நடிச்சேன்னு தெரிஞ்சா அந்தப் பாட்டே அவங்களுக்கு வெறுத்துப்போயிடும். அவரோட ஞாபகமா மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

"சொல்லித்தான் ஆகணும்" என்றான் தேவசகாயம். "நடிக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்தவ நீதானே?"

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வருகிறார். ஷாகுல் சொன்னது சரியா, தேவசகாயம் சொன்னது சரியா? பியூலா இப்போது என்ன செய்ய வேண்டும்?

விடை: சொல்லிவிட வேண்டும். வாக்குத் தவறிய கதையை மூவரும் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஷாகுலின் பயமும் நியாயம்தான். அண்ணி கோபப்படுவார், பாட்டை வெறுத்தாலும் வெறுப்பார். ஆனால் அரங்கத்தில் அழுதவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஒரு நாள் சிரித்ததற்காகக் கூனிக்குறுகி நிற்பது இந்த ஒருத்திதான். "எனக்கும் நின்னுபோச்சு அண்ணி" என்று அவரிடம் சொல்ல இந்த உலகத்தில் பியூலாவைத் தவிர வேறு ஆள் இல்லை.