கரைமேல் நின்ற மண்வெட்டி

என் மூத்த மகளுக்குப் பொருத்தம் சரியில்லை என்று மூன்றாவது வரனும் தட்டிப்போன ஆவணி மாதத்தில், கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்த செண்பகவல்லி அக்கா இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

வானம் தென்னை மட்டைக்கு எட்டும் உயரத்தில் இருந்த காலம் அது. காராளன் என்று ஓர் இடையன் இருந்தான். பகலில் ஆடு மேய்ப்பான். இருட்டினால் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, மேலே மேயும் மந்தையைப் பார்த்தபடியே தூங்கிப்போவான். வானத்து மீன்கள் எல்லாம் அவனுக்கு ஆடுகள்தான். அவற்றில் ஒட்டிக்கொண்டே திரியும் ஆறு குட்டிகள் மேல் தனிப் பிரியம்.

ஒரு கோடையில் அந்த ஆறும் காணாமல் போயின. சொந்த ஆட்டைத் தொலைத்தவன் போலத் தேடினான். சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு விடியற்காலையில், கிழக்கே பனைகளுக்கு மேலே ஆறும் வந்து நின்றன. அவை வந்த சில நாளில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. மறுவருஷமும் அப்படியே. அதற்கு மறுவருஷமும் அப்படியே.

குட்டிகள் திரும்பிவிட்டன, விதைநெல்லை ஊறப்போடுங்கள் என்று ஊரில் சொன்னான். பாதிப்பேர் சிரித்தார்கள். கேட்டு விதைத்தவர் வீட்டில் நெற்குதிர் நிறைந்தது. சோதிடம் பிறந்தது இப்படித்தான் என்பாள் அக்கா.

காலம் போனது. காராளன் வழிவந்தவர்கள் அரண்மனைச் சோதிடர் ஆனார்கள். ஜனங்கள் முதலில், எப்போது விதைக்கலாம் என்று கேட்டார்கள். அப்புறம், எப்போது தாலி கட்டலாம் என்று கேட்டார்கள். அதற்கும் அப்புறம், எப்போது கத்தரிக்காய் பறிக்கலாம், எப்போது மாமியாரிடம் வாய்திறக்கலாம் என்று கேட்டார்கள். நேரம் கேட்காமல் தும்மக்கூடப் பயந்தார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஐப்பசி. அடைமழை. மத்தியானத்தில் பெரிய ஏரியின் கரை வெடித்துத் தண்ணீர் கசிந்தது. கரைக்கு நேர் கீழே, மடை காக்கிறவனின் குடிசை. அவன் மனைவி ஆவுடை, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடு என்றார்கள். அவள் ஓடலாம். படுக்கையில் கிடக்கும் மாமனார் எங்கே ஓடுவார்? ஊரின் நெல் எங்கே ஓடும்?

ராஜா வந்தார். ஊரே கூடையோடு வந்தது. சோதிடர் அம்பலவாணர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, இன்று மண்ணைத் தொட நேரமில்லை, நாளைச் சூரியன் கிளம்பியதும் தொடங்கலாம் என்றார். ராஜா தலையசைத்தார். ஊர் கூடையைக் கீழே வைத்தது. வெடிப்பு மட்டும் நேரம் பார்க்கவில்லை; அகன்றுகொண்டே இருந்தது.

ஆவுடை தோளில் பிள்ளையோடு கரையேறி வந்தாள்.

"சாமி, பயணம் போகிற நேரம் சரியில்லைன்னா என்ன செய்வோம்?"

"பரஸ்தானம் வைப்போம். முன்னாலேயே நல்ல நேரத்தில் ஒரு மூட்டையை வெளியே வைத்துவிட்டால் கிளம்பியதாகவே அர்த்தம். அப்புறம் எப்போதும் போகலாம். உனக்குத் தெரியாததா?"

"இன்னைக்கு விடியக்காலை நேரம் எப்படி?"

"அரண்மனைக் கல்யாணத்துக்கே குறித்துக் கொடுக்கலாம், அவ்வளவு நல்ல நேரம் அம்மா."

ஆவுடை கையைக் காட்டினாள். அவள் புருஷன் தினமும் விடியலில் கொண்டுவந்து ஊன்றும் மண்வெட்டி, கரைமேல் மழையில் நின்றது.

"அப்போ எங்க மண்வெட்டி நல்ல நேரத்துலதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கு. வேலை காலையிலேயே தொடங்கியாச்சு சாமி. மிச்சத்தைத்தான் இப்போ செய்யப்போறோம்."

அம்பலவாணர் அவளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முதல் கூடை மண்ணை அவரே தூக்கினார். பொழுது சாய்வதற்குள் கரை அடைபட்டது.

ஆனால் நேரம் பார்த்து நின்ற ராஜாவுக்கு வெட்கம் கோபமாகிவிட்டது. இனி என் நாட்டில் யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று பறையறைவித்தார். நேற்றுவரை கும்பிட்ட ஜனங்கள், "சாமி, தும்ம நேரம் வந்தாச்சா?" என்று அம்பலவாணரைத் தெருவில் கேலி செய்தார்கள். அவர் தலைகுனிந்து போனார்.

அடுத்த வருஷம் அவரவர் நினைத்தபோது விதைத்தார்கள். முந்தி விதைத்தது கருகியது. பிந்தி விதைத்தது அழுகியது. பிள்ளைக்குக் கூழ் கரைக்க ஆவுடை காலிக் குதிரின் அடியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் ராஜாவிடம் போனாள்.

"மகாராஜா, கரையை அடைக்க நேரம் பார்க்க வேண்டாம்னுதான் நான் சொன்னேன். வானத்தைப் பார்க்க வேண்டாம்னு சொல்லலையே."

வைகாசி முடிகிற சமயம், அம்பலவாணர் வீட்டுக்கு ராஜாவே நடந்து போனார். விடியலுக்கு முன்னால் இரண்டு பேரும் கரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வற்றிய ஏரிக்கு அப்பால், பனைகளுக்கு மேலே, ஆறு குட்டிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மெல்ல ஏறி வந்தன.

காலத்தை அறிய வானத்தைப் பார்க்கலாம். ஆனால் கண்முன்னே நிற்கும் ஆபத்துக்கு நம் கை எழுவதே நல்ல நேரம்.

கார்த்திகை விளக்கு வைத்த சாயங்காலம், வாசலில் கொஞ்சம் நின்று கிழக்கே பாருங்கள். ஆறு குட்டிகளும் இருக்கின்றனவா என்று எண்ணி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் கண்ணுக்கு இப்போது நாலுதான் தெரிகிறது.