பாறைக்குள்ள புகை போகாத கதை

ஒரு ஊர்ல ஒரு தாட்சாயணி இருந்தா. பாறைய ஆராயுற வேலை அவளுக்கு. அது கடலோரத்து ஊரு, அங்க ஒரு சிமெண்ட் ஃபேக்டரி. அது குபுகுபுன்னு விடுற புகையிலேர்ந்து கரியமில வாயுவ மட்டும் பிரிச்சு, பூமிக்குள்ள ஒரு மைல் ஆழத்துல அமுக்கி வைக்கணும். இல்லேன்னா, அந்த வாயுவால ஒலகமே சூடாகுதுன்னு சர்க்காரு ஃபேக்டரிய மூடிடும். எழுநூறு பேரோட பொழப்பு. கேக்குறியா கண்ணு?

"ம்."

பாறைன்னா உள்ள முழுக்க கெட்டின்னு நெனைக்காத. வாயுவ அமுக்கப் போற அந்த ஆழத்துப் பாறை ரவா லட்டு மாதிரி. மணல் மணலா ஒட்டிக்கிட்டு, நடுவுல பொடிப்பொடி சந்து, சந்துல உப்புத்தண்ணி. மணல் மேல களிமண் தூசி மாவாட்டம் படிஞ்சு கெடக்கும். தாட்சாயணி அதுல விரல் நீளத்துக்கு ஆறு துண்டு எடுத்து, லேபுல வச்சு வாயுவ ஏத்திப் பாத்தா. வாயு தண்ணியோட சேந்து சோடாவாட்டம் புளிச்சுப் போச்சு. அந்தப் புளிப்பு, மணல ஒட்ட வச்சிருந்த சுண்ணாம்பக் கரைச்சுது. அப்புறம் தூசி பொலபொலன்னு கழண்டு, அடிச்சுக்கிட்டுப் போயி, சந்து வாயில சிக்கிக்கிச்சு. டீ வடிகட்டியில தூள் அடைக்குமே, அப்படி.

அப்போ அவ மேனேஜர்கிட்ட ஓடுனா. "சார், ஆறு துண்டுல நாலு அடைச்சுக்கிச்சு."

"ரெண்டு அடைக்கலல்ல? வாயு எறக்கக் கெணறு தோண்டியாச்சும்மா."

அவளும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டா. பத்து வருஷம் இதுக்காகவே படிச்சவ, நடந்துடணும்னு அவளுக்கும் ஆசை.

கெணத்துல வால்வு திருப்புறவரு லூர்துசாமி. "தாட்சாயணிம்மா, பயமில்லையே?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

அப்புறம் வாயுவ எறக்குனாங்க. கடகடகடன்னு பம்பு ஓடுச்சு. இருபது நாள் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அழுத்தம் காட்டுற முள்ளு டக்... டக்... டக்னு மேல ஏறுச்சு. உள்ள அடைக்குது! மொதல்ல பம்ப மெதுவா ஓட்டிப் பாத்தாங்க. ஒரு வாரம் தாங்குச்சு, மறுபடி டக் டக். அப்புறம் உப்புத்தண்ணி விட்டு அலசுனாங்க. சளசளன்னு கலங்கலா மேல வந்துச்சு. தாட்சாயணிக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. மூணே நாள், மறுபடி அடைச்சுக்கிச்சு.

"ம்... அப்புறம்?"

மூணாவது தடவ மேனேஜர் சொன்னாரு, "அழுத்தத்தக் கூட்டுங்க. தள்ளுனா வழி விடும்."

"வேணாம் சார்"னா தாட்சாயணி. அவ குரல் அவளுக்கே கேக்கல. பம்பு சத்தம் அப்படி.

லூர்துசாமி கெணத்து வாயச் சுத்தி வெட்டுன பள்ளத்துல எறங்கி வால்வு சக்கரத்தத் திருப்புனாரு. முள்ளு ஏறுச்சு, ஏறுச்சு... டமார்! குழாய் மூட்டு பிச்சுக்கிச்சு. புஸ்ஸ்ஸ்னு வாயு வெள்ளையா, ஐஸாட்டம் பள்ளம் பூரா ரொம்பிருச்சு. அது கனமான காத்து கண்ணு, தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். உள்ள மூச்சு விட முடியாது. "அண்ணே! அண்ணே!"ன்னு கத்திக்கிட்டே எறங்கப் போனவள ரெண்டு பேரு இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. மூச்சு விடுற முகமூடி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அப்புறம் கெணத்துல சிமெண்ட ஊத்தி மூடுனாங்க. ஃபேக்டரியையும் மூடுனாங்க. எழுநூறு பேரும் மூட்டை கட்டி ஆளுக்கொரு தெசையில போனாங்க.

தாட்சாயணி மட்டும் லூர்துசாமி வீட்டுக்குப் போனா. அவரு சம்சாரம் சவேரியம்மா வாசப்படியில வந்து நின்னு, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அடைக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாதுன்னு சொல்லிருக்கலாம். மேனேஜரத் தவிர வேற யாருகிட்டயும் அவ அதச் சொன்னதில்ல.

"தெரியும்க்கா."

சவேரியம்மா அழுவல, வையல. சத்தமே இல்லாம கதவச் சாத்துனா. தாட்சாயணி ரொம்ப நேரம் அங்கயே நின்னா. கதவு தொறக்கல.

கண்ணு? ம் சொல்லலியா? சரி... கதவு சாத்தியாச்சு, கதையும் அவ்வளவுதான். போர்வைய இழுத்துக்கோ, தூங்கு.