சக்கரவர்த்தி மேல் போட்ட மணல் கேஸ்

அமராவதி ஆறு வற்றினால் மற்ற ஊர்க்காரர்கள் போர்வெல் போட ஆள் தேடுவார்கள். கள்ளிமேட்டுக்காரர்கள் சல்லடை தேடுவார்கள். மிளகு வாங்க வந்த ரோமாபுரிக்காரன் அந்தக் காலத்தில் சிந்திவிட்டுப் போன காசெல்லாம் மணலுக்குள் கிடக்கிறதாம். அதைச் சேகரிக்க நான்கு பேர் சங்கமே வைத்திருந்தார்கள். சங்கத்துக்குத் தலைவர் இருந்தார், லெட்டர்பேடு இருந்தது, மூன்று ஆண்டுவிழாவும் முடிந்திருந்தது. காசுதான் இல்லை.

நாலாம் வருஷம் சங்கத்து ஆறுக்குட்டியின் சல்லடையில் ஒரு வெள்ளிக்காசு விழுந்தது. அதில் கழுத்து தடித்த ஒரு ராஜாவின் தலை. ஆறுக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி தெய்வாத்தாள் ஆடி மாசமே கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "நீங்க பொறுக்கறதுல ஒண்ணாச்சும் உருப்படின்னு படிச்ச மனுசன் எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

கரூரில் இருந்த பழங்காசு நிபுணருக்குத் தலைவர் ராக்கியண்ணன் போன் போட்டார். "கழுவிடாதீங்க, மண்ணோடயே கொண்டு வாங்க. ஓரத்தை மட்டும் புடிங்க. முகத்துல விரல் படக்கூடாது" என்றார் அவர்.

சங்கம் கூடியது.

"மண்ணோடன்னா எவ்வளவு மண்ணுங்க மாமா?" என்றான் பொங்கியண்ணன்.

"அது கெடந்த மண்ணு."

"ஒரு கைப்புடி போதுமுங்களா?"

"ஏண்டா, ரண்டாயிரம் வருசமா ஒரு ராஜா கைப்புடி மண்ணுலயா படுத்திருப்பாரு? எத்தனை வெள்ளத்துல எங்கெங்க பொரண்டாரோ! கொறைச்சுக் கொண்டுபோனா படிச்சவரு கோவிச்சுக்குவாரு."

"ஆறு பூராவும் டிராக்டர்ல ஏறாதுங்களே" என்று கவலைப்பட்டான் டிராக்டர்காரன் வெள்ளியங்கிரி.

"மொதல்ல ஒரு லோடு போவட்டும். பத்தலைன்னா மறுநடை."

ஆறுக்குட்டி கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காசின் ஓரத்தைப் பிடித்தவன் பிடித்தவன்தான். கீழே வைக்கலாம் என்று நிபுணர் சொல்லவில்லையே. மணல் அள்ளி முடிய இரண்டு நாளாயிற்று. இரண்டு நாளும் இடது கையால் சோறு தின்றான். காசு கழுவப்பட்டுவிடக் கூடாதே என்று, ஒரு கையைத் தூக்கிக்கொண்டே குளித்தான்.

கரூர் போகிற வழியில் ஓர் அதிகாரி கை நீட்டி டிராக்டரை மறித்தார். சற்று முன்னால் பதினோரு மணல் லாரிகளுக்குக் கும்பிடு போட்டு வழியனுப்பிய கை அது.

"மணலுக்குப் பர்மிட் எங்கய்யா?"

"இது மணலுங்களா? காசுல இருக்கற மண்ணுங்க" என்றார் ராக்கியண்ணன்.

இருபது வருஷ சர்வீஸில் மணல் திருடர்கள் சொன்ன சாக்கு எத்தனையோ கேட்டவர்தான். இது அவருக்கும் புதுசு. எல்லோரையும் தாலுகா ஆபீசுக்கு ஓட்டிப்போனார்.

அங்கே கிளார்க் வாக்குமூலம் எழுதி, ஆறுக்குட்டி முன்னால் நீட்டினார். "கையெழுத்துப் போடு."

"கை வேலையா இருக்குதுங்க."

"அப்பக் கட்டைவிரல் ரேகை வை."

"அதுவும் அங்கதானுங்க இருக்குது."

சங்கம் அவசரமாக ஓரமாய்க் கூடியது.

"காசோட சேத்து அமுத்திருடா" என்றார் தலைவர்.

"ராஜா மூஞ்சியில மை படுமுங்களே!"

"வெரல் படக்கூடாதுன்னாரு. மை ஆவாதுன்னு சொன்னாரா?"

அமுக்கினான். ரேகை விழவில்லை. கழுத்து தடித்த ராஜாவின் தலைதான் நீலமாய், அச்சாய் விழுந்தது.

கிளார்க் காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "சார், புடிச்சது இந்தாளை. ஒப்புக்கிட்டு முத்திரை வச்சது வேற ஆளு."

"யாருன்னு விசாரிச்சு எழுதுய்யா. ஆபீஸ்ல எல்லாம் முறைப்படி இருக்கணும்" என்றார் அதிகாரி.

"யாருய்யா இவரு?"

"ரோமாபுரி ராஜாங்க."

"அப்பா பேரு?"

அதைச் சொல்ல நிபுணரை வரவழைத்தார்கள். அவர் மை பூசிய காசைப் பார்த்தார், வாசலில் நின்ற டிராக்டரைப் பார்த்தார், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, 'காசு அசல். இதில் இருப்பது ரோமாபுரிச் சக்கரவர்த்தியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரிக்குத் திருப்தி. குற்றவாளி அடையாளம் காட்டப்பட்டாயிற்று. நான்கு பேரையும் சாட்சி என்று எழுதி விட்டுவிட்டார். குற்றவாளியின் போட்டோ வேறு கிடைக்காததால் காசை மட்டும் கேஸ் கட்டுக்குள் வைத்து அரக்கு முத்திரை போட்டார்.

காசு போனதைப் பற்றி ஆறுக்குட்டி கவலைப்படவில்லை. படிச்ச மனுசன் எழுத்துக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு ஓடினான். தெய்வாத்தாள் அதை இரண்டு தரம் படித்தாள், கேஸ் கதையையும் கேட்டாள்.

"சக்கரவர்த்தியே உங்களுக்குப் பதிலாக் கேஸை ஏத்துக்கிட்டாராக்கும்! இதைச் சொல்றதுக்கு இத்தனை மாசமா?" என்று அன்றைக்கே பெட்டியோடு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் தலையாரி ஒரு சம்மனோடு வந்தார். 'ரோமாபுரிச் சக்கரவர்த்தி, கடைசியாகத் தங்கியிருந்த இடம்: அமராவதி ஆறு, கள்ளிமேடு.'

"ஆளு இருக்காருங்களா?"

"இல்லீங்க" என்றான் ஆறுக்குட்டி.

"இல்லாட்டி வீட்டுக் கதவுல ஒட்டணும்னு உத்தரவு."

ஆற்றுக்கு ஏது கதவு? சங்கம் கூடி யோசித்தது. ஆறுக்குட்டி வீட்டு மாட்டுக்கொட்டாய்க் கதவை நிலையோடு பெயர்த்து நால்வரும் தோளில் தூக்கிப்போய் நட்டாற்று மணலில் நட்டார்கள். தலையாரி சம்மனை ஒட்டினார். வேலை முறையாய் முடிந்த திருப்தியில் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

விஷயத்தைக் கேட்ட தெய்வாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கூறு இருக்குதுங்களா உங்களுக்கு? கதவைத் தெறந்தா போட்டுட்டு வந்தீங்க? அத்தனை மணலு கெடக்குது. எவனாச்சும் உள்ள பூந்து அள்ளீட்டுப் போயிருவான்!"

நால்வரும் திரும்ப ஓடினார்கள். அன்றிலிருந்து அமராவதி ஆறு பூட்டித்தான் கிடக்கிறது. சாவி தலைவரிடம் இருக்கிறது.